ஆசிரியர் தருவது கால் பங்கு

புதுச்சேரி உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது. அங்கே மாலையில் ஓடப் பழகும் பிள்ளைகளிடம் போய், “ஓட்டத்தை வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமே” என்றால் சிரிப்பார்கள். அதே வயதுப் பிள்ளைகள் இரவில் சுவரில் சாய்த்து வைத்த செல்போன் முன் உட்கார்ந்து ஆங்கிலச் சொற்களை அப்படித்தான் கற்கிறார்கள். திரையில் ஒரு சொல் வரும். கீழே தமிழில் பொருள் வரும். ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்வார். அடுத்த சொல் வரும். நாற்பது பேரும் மியூட்டில் இருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் இருபது சொல். மறுநாள் கேட்டால் நான்கு தேறினால் அதிகம்.

இந்த ஊரில் ஆங்கிலம் வேண்டும் என்ற தவிப்புக்குத் தனிக் காரணம் உண்டு. 1954 நவம்பர் 1 வரை இங்கே நடந்தது பிரெஞ்சு ஆட்சி. சென்னையிலும் கடலூரிலும் நூற்றாண்டுகளாக ஊறிய ஆங்கிலம் புதுச்சேரிக்குப் பிந்தி வந்த மொழி. அண்மையில் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்குப் போயின. மேல் வகுப்புகளும் மாறின. அறிவியலையும் வரலாற்றையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டிய பிள்ளைக்குச் சொல் போதவில்லை என்றால் எல்லாப் பாடமும் நின்றுவிடும். பெற்றோர் ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டுவதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பணம் கட்டும் முன்னால் பழைய கேள்வி ஒன்று நிற்கிறது. ஒரு சொல்லை ஒருவர் இன்னொருவருக்குக் கற்பிக்க முடியுமா?

கேள்வி விபரீதமாகத் தோன்றலாம். இதே புதுச்சேரியில் நாற்பது ஆண்டு வாழ்ந்து மறைந்த ஒருவர் முடியாது என்றுதான் சொன்னார். 1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கல்கத்தாவில் தாம் நடத்திய ‘கர்மயோகின்’ இதழில் அரவிந்தர் தேசியக் கல்வி பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். உண்மையான கல்வியின் முதல் விதியாக அவர் வைத்தது இது: எதையும் யாருக்கும் கற்பிக்க இயலாது, ஆசிரியர் துணைவர், வழிகாட்டி, அவ்வளவே. அந்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி அவர் புதுச்சேரி வந்திறங்கினார். பின்னாளில், 1943 டிசம்பர் 2ஆம் தேதி ஆசிரமத்தில் தொடங்கிய பள்ளி இந்த விதியின் மேல் எழுந்ததுதான். அங்கே தேர்வுக்காகப் படிப்பதில்லை, பட்டமும் தருவதில்லை.

அரவிந்தர் இதை வெறும் தத்துவமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மொழி விஷயத்தில் அவர் பட்டறிந்தவர். ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, 1893இல் திரும்பி வந்தபோது அவருக்குக் கிரேக்கமும் லத்தீனும் தெரியும், தாய்மொழியான வங்காளம் சரியாகத் தெரியாது. பரோடாவில் வேலை பார்த்தபோது தீனேந்திர குமார் ராய் என்ற வங்க எழுத்தாளரைத் தம்மோடு தங்க வைத்துக்கொண்டார். பாடம் நடத்துவதற்கென்று அல்ல, கூட இருந்து பேசுவதற்கு. புதுச்சேரிக்கு வந்தபின் அந்த இடத்துக்குத் தமிழில் பாரதியார் வந்தார். இருவரும் சேர்ந்து ரிக் வேதம் படித்தார்கள்; பாரதியின் உதவியோடு அரவிந்தர் ஆழ்வார் பாடல்களுக்குள் நுழைந்தார். ஆண்டாள், நம்மாழ்வார், குலசேகராழ்வார் பாடல்களின் ஆங்கில ஆக்கங்கள் 1914இல் தொடங்கிய ‘ஆர்யா’ இதழில் வந்தன. படித்தார், கூடிப் பேசினார், பிறருக்கு எடுத்துச் சொன்னார். இந்த மூன்று படிகளையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அவற்றுக்குக் கணக்கே போட்டு வைத்த தமிழ் நூல் ஒன்று இருக்கிறது.

அதற்கு முன், வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் முறையை ஆராய்ந்த மீமாம்சகர்களின் பசு மாட்டைப் பார்த்துவிட வேண்டும். குழந்தை முதல் சொல்லை எப்படிக் கற்கிறது என்பதற்கு அவர்கள் ஒரு காட்சியை வைத்தார்கள். பெரியவர் ஒருவர் இளையவரிடம் “பசுவைக் கொண்டு வா” என்கிறார். இளையவர் எழுந்துபோய்ப் பசுவைக் கொண்டு வருகிறார். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்து “பசுவைக் கட்டு” என்கிறார். பிறகு “குதிரையைக் கொண்டு வா” என்கிறார். எந்த ஒலி மாறும்போது எந்தச் செயல் மாறுகிறது என்று குழந்தை தானே பிரித்தெடுத்துக்கொள்கிறது. கவனிக்க வேண்டியது, இங்கே குழந்தைக்கு யாருமே பாடம் நடத்தவில்லை. பெரியவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

இதிலிருந்து இரண்டு கட்சிகள் பிரிந்தன. குமாரிலரின் கட்சியில், ஒவ்வொரு சொல்லும் முதலில் தன் பொருளைத் தனியே தருகிறது, பிறகு அவை இணைந்து வாக்கியப் பொருள் ஆகிறது. பிரபாகரரின் கட்சியிலோ, பிற சொல்லோடு இணைந்த நிலையில்தான் சொல்லுக்குப் பொருளே உண்டு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நடக்கும் இந்த வழக்குக்கு இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆங்கில வகுப்பு நடத்துகிறவர்கள் தெரியாமலேயே ஒரு கட்சியில் நிற்கிறார்கள். சொல், நேரே பொருள் என்று இரண்டு பத்தி போட்ட பட்டியல் குமாரிலரின் முதல் பாதியோடு நின்றுவிட்ட கல்வி. அப்படிக் கற்ற பிள்ளைக்கு ‘மிஸ்டேக்’ தெரியும், ‘டூ’ தெரியும், ‘மேக்’ தெரியும். ஆனால் வீட்டுப்பாடத்துக்கு எது, பிழைக்கு எது என்று வரும்போது மாற்றிப் போட்டுவிடும். சொல் எதனோடு கூடி நடமாடுகிறது என்பதைப் பட்டியல் காட்டாது. அந்த அளவுக்குப் பிரபாகரர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பிரெஞ்சுப் பள்ளி வாசலை மிதிக்காதவர்கூட ‘புல்வார்’ என்பார், ‘கொம்யூன்’ என்பார், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவரைச் ‘சொல்தா’ என்பார். யாரும் பட்டியல் போட்டுக் கொடுத்ததில்லை. தெருவிலும் அலுவலகத்திலும் அந்தச் சொல் இல்லாமல் காரியம் ஆகவில்லை, அதனால் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் ஆங்கிலத்தையும் தெருவிலேயே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியாது, கணக்கு இடிக்கிறது. ஆங்கிலச் சொற்களை எண்ணி வரிசைப்படுத்தும் வேலையில் பெரிய பங்கு நம் துணைக்கண்டத்தில் இருந்த ஒருவருடையது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலப் புத்தகம் படிக்கத் திணறுவதைப் பார்த்து, எந்தச் சொல் முதலில் வேண்டும் என்று ஆராயத் தொடங்கினார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். சாதாரண எழுத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது இடங்களில் இவையே திரும்பத் திரும்ப வரும். மீதி இருபதுதான் சோதனை. அகராதியைத் தொடாமல் ஒரு நாவலைப் படித்துப் போக 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணித்தார். எந்த ஆசிரியராலும் எந்த வகுப்பறையிலும் இத்தனையையும் ஊட்டிவிட முடியாது. உப்பளத்துத் தெருவில் இவை புழங்குவதும் இல்லை. எனவே வகுப்புக்கு வெளியே, தனியாக, இயந்திரத்தின் துணையோடு பிள்ளை உழைத்துத்தான் ஆக வேண்டும். நேர் வகுப்பையும் இணையவழிப் பயிற்சியையும் சேர்த்துக் கலப்புமுறைக் கற்றல் என்று இன்று பேசப்படுவதன் தேவை இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது, செல்போன் கம்பெனியின் விளம்பரத்திலிருந்து அல்ல.

இனி, முன்னால் சொன்ன தமிழ் நூல். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி என்ற சமண முனிவர் செய்த நன்னூல். அதன் பொதுப்பாயிரம் இலக்கணம் தொடங்கும் முன்பே, நூல் என்றால் என்ன, ஆசிரியர் யார், மாணவர் யார், எப்படிக் கேட்பது என்று பேசிவிடுகிறது. பாடத்தை ஒருமுறை கேட்டவன் மறுமுறையும் கேட்டால் பிழை குறையும் என்கிறது. மூன்றாம் முறை கேட்டால் முறையாக எடுத்துச் சொல்ல வரும் என்கிறது. பதிவு செய்த பாடத்தைத் திரும்ப ஓட்டிக் கேட்கும் வசதிக்கு இதைவிட நல்ல பரிந்துரை கிடைக்காது. பவணந்தி காலத்து மாணவன் மூன்றாம் முறை கேட்க ஆசானின் முகக்குறி பார்த்துக் காத்திருந்திருப்பான். இன்றைய பிள்ளைக்கு விரல் நுனியில் இருக்கிறது.

வியப்பு அடுத்த இடத்தில். ஆசிரியர் சொன்னதை ஒன்று விடாமல் பற்றிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்குதான் என்கிறது நன்னூல். உடன் பயில்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்வதில் வருகிறது.

இலக்கணம் எழுதியவர், ஆசிரியர் மரபில் வந்தவர், ஆசிரியரின் பங்கைக் காலாகக் குறைத்துவிட்டார்! அதே பாயிரம் மாணவன் ஓவியப் பாவைபோல அடங்கி இருந்து கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. பலர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பழைய கல்வி என்றாலே வாய்பொத்தி நிற்பது என்று முடிவு கட்டிவிடுவார்கள். கேட்கும் நேரத்துக்குத்தான் அந்த அடக்கம். கேட்டது நினைத்தல், கூடிப் பயிலல், வினவல், வினாவுக்கு விடை சொல்லல் என்று பட்டியல் மேலே போகிறது. சமய நூல்களிலும் இதே வரிசை உண்டு. உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்குச் சொன்னதும் கேட்டல், சிந்தித்தல், அதில் நிலைத்தல் என்ற மூன்று படிதான். ஆனால் அங்கே மூன்றும் தனி ஒருவரின் உள்ளே நடப்பவை. நன்னூல் பக்கத்தில் இருப்பவரையும் கணக்கில் சேர்த்தது. சொல் என்பது இருவருக்கு நடுவில் வாழும் பொருள் என்பதால், சொற்கல்விக்கு நன்னூலின் கணக்கே பொருந்தி வருகிறது.

மௌனத்திலும் போதனை உண்டே என்பார்கள். கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி முனிவர் நால்வருக்கு வாய் திறக்காமல் உபதேசித்தார். அங்கே மௌனம் குருவினுடையது. எதிரே இருந்தவர்கள் எல்லாம் கற்றுவிட்டு, கடைசி ஐயம் ஒன்றோடு வந்தவர்கள். ஆன்லைன் வகுப்பிலோ குரு ஒரு மணி நேரம் விடாமல் பேசுகிறார், மௌனம் மாணவனுடையது, அதுவும் மியூட் பட்டன் கொடுத்தது. (கற்பிக்கத் தகாதவர்கள் பட்டியலில் தூங்குகிறவனையும் நன்னூல் சேர்த்திருக்கிறது. அதை அப்படியே அமல்படுத்தினால் காலை ஏழு மணி வகுப்புகளில் எத்தனை பேர் மிஞ்சுவார்களோ.)

குற்றம் திரையின் மேலா? இதற்கு ஆய்வுகள் சுவையான பதில் சொல்கின்றன. 2003இல் பாட்ரீசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். நேரில் ஒருவர் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசிய குழந்தைகள், பன்னிரண்டே அமர்வில் சீன ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில் என்றபோது எதுவும் ஏறவில்லை. இத்தோடு நின்றால் திரைக்கு எதிரான தீர்ப்பு ஆகிவிடும். 2014இல் ரோஸ்பெரி, ஹிர்ஷ்-பாசெக், கோலின்காஃப் மூவரும் இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் வேறு விதமாகப் பார்த்தார்கள். புதிய வினைச்சொற்களை நேரில் சிலருக்கு, நேரலை வீடியோ அழைப்பில் சிலருக்கு, பதிவான வீடியோவில் சிலருக்குச் சொன்னார்கள். நேரில் கேட்டவர்களும் கற்றார்கள், வீடியோ அழைப்பில் கேட்டவர்களும் கற்றார்கள். பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. திரை இரண்டிலும் இருந்தது. ஒன்றில், பிள்ளை செய்வதைப் பார்த்து அதற்கேற்ப மறுமொழி சொல்ல ஆள் இருந்தது.

இவை சின்னஞ்சிறு குழந்தைகள். பதினான்கு வயதுப் பிள்ளை பதிவிலிருந்தும் கற்கும், புத்தகத்திலிருந்தும் கற்கும். ஆனால் அங்கேயும் வெறுமே திரும்பப் பார்ப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். உள்ளிருந்து வெளியே எடுத்தவர்களுக்கே நின்றது. நன்னூல் அரைப் பங்கை ஏன் ‘உரைப்பதற்கு’ ஒதுக்கியது என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று வேண்டாம்.

இந்த வெளிச்சத்தில் அண்மைக்காலத் திட்டங்களைப் பார்த்தால் எங்கே பிசகு என்று தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கலப்புமுறை பற்றிக் கருத்துரு வெளியிட்டது. ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை ஆன்லைனில் நடத்தலாம், மீதியை நேரில் நடத்தலாம் என்பது அதன் சாரம். எங்கே உட்கார்ந்து படிப்பது என்று பிரித்த கணக்கு இது. நன்னூல் யாரோடு படிப்பது என்று பிரித்தது. மாணவன் வாய் திறக்காத வகுப்பில் 40 ஆன்லைன் என்றாலும் 60 நேரில் என்றாலும் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது அதே கால் பங்குதான். அமெரிக்கக் கல்வித்துறை 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கலப்புமுறையில் படித்தவர்கள் நேரடி வகுப்பில் மட்டும் படித்தவர்களை விடச் சற்று மேலாக இருந்தார்கள். அதைத் தொகுத்தவர்களே எச்சரித்தார்கள்: கலப்புமுறையில் மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சியும் கிடைத்திருந்தன, பெருமை முழுவதையும் இணையத்துக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று.

சரியாக நடந்தால் எப்படி இருக்கும்? ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லைக் கற்பதாக வைத்துக்கொள்வோம். திங்கள்கிழமை அந்தச் சொல் வரும் சின்னக் கதையைச் செல்போனில் மூன்று முறை கேட்கிறாள். செயலி மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை சோதிக்கிறது. இது தனியாகச் செய்யக்கூடிய வேலை, இதற்கு ஆசிரியரின் நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. வியாழக்கிழமை நேரலை வகுப்பில் இருவர் இருவராகப் பிரித்து விடுகிறார்கள். மழையில் டியூஷனுக்குப் போக, மாமா வீட்டில் பாடிக் காட்ட என்று தனக்கு மனமில்லாமல் செய்ததை அவள் தோழியிடம் அந்தச் சொல்லை வைத்தே சொல்கிறாள். தோழி ஏதோ கேட்கிறாள். ஆசிரியர் அறை அறையாக எட்டிப் பார்த்துத் திருத்துகிறார். சனிக்கிழமை, அந்தச் சொல்லை வீட்டில் ஒருவருக்கு விளக்கி, அதை ஒலிப்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அவளுக்குக் கிடைத்தவர் பாட்டி.

“மழையில டியூஷன் போகமாட்டேன்னா, அப்போ அந்தப் பொண்ணு சோம்பேறியா?”

“சோம்பேறி இல்ல ஆயா. போவா. ஆனா அரை மனசா போவா.”

அந்த ‘அரை மனசு’ எந்தச் செயலியிலும் இல்லை. ஆயாவின் கேள்வி இல்லாவிட்டால் அவளுக்கும் கிடைத்திருக்காது. தனக்குத் தெரிந்தது என்று நினைத்ததன் விளிம்பு எங்கே முடிகிறது, பக்கத்துச் சொல் எங்கே தொடங்குகிறது என்று அப்போதுதான் அவள் தேடிப் பார்த்தாள். அந்தச் சொல்லை அவளுக்கு யார் கற்பித்தது என்று கேட்டால், செயலியும் உரிமை கோரலாம், ஆசிரியரும் கோரலாம், ஆயாவும் கோரலாம். அரவிந்தர் யாரையும் சேர்க்கமாட்டார். நன்னூல் எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும், பெரும்பங்கை அவளிடமே விட்டுவிட்டு.

பழைய நூலைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் கால் பங்கே மிகப் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஆசான் வீட்டுத் திண்ணை எல்லாச் சாதிக்கும் திறந்திருக்கவில்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் இல்லை. பதிவு செய்த பாடம் அந்தக் கால் பங்கை எல்லா வாசலுக்கும் கொண்டு வந்துவிட்டது. அது சின்ன காரியம் இல்லை. 2018இலிருந்து தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சான க்யூஆர் குறியீடும், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் செய்தது அதைத்தான். ஒரே செல்போனை அண்ணனும் தங்கையும் பங்கிட வேண்டிய வீடுகளில் அந்தக் காலுக்கும் முறை வைத்துத்தான் காத்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் மீதி முக்காலுக்கு டேட்டா வேண்டாம். பேச ஒரு தோழி, கேட்க ஓர் ஆயா போதும். உப்பளம் மாதிரி சுவரை ஒட்டிச் சுவர் நிற்கும் தெருக்களில் அதற்குப் பஞ்சமில்லை. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை தனி அறையில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருப்பதைவிட இது ஒரு படி மேலாகக்கூட இருக்கலாம்.

பெற்றோருக்குக் கணக்கு எளிது. நாற்பது பேர் இருக்கும் ஒரு மணி நேர வகுப்பில், ஆசிரியர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முறை வைத்துப் பேச விட்டாலும் ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கும். அதே வகுப்பில் இருபது நிமிடம் இருவர் இருவராகப் பேச விட்டால் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். எனவே அடுத்த மாதக் கட்டணம் கட்டும் முன், எத்தனை சொல் சொல்லித் தருவீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, என் பிள்ளை வாரத்தில் எத்தனை நிமிடம் பேசும் என்று கேளுங்கள். பதில் வராத வகுப்புக்கு முழுக் கட்டணம் கேட்பது அநியாயம்.